40 லிட்டர் நீர், 1 லிட்டர் பாகு: வீட்டில் மேப்பிள் காய்ச்சிய மூவரின் அனுபவங்கள்

பீட்டர்பரோ பக்கம், ஒன்டாரியோ

எங்கள் காணியின் பின்பக்கம் ஐந்து சர்க்கரை மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. மரத்தில் துளையிட்டு, வடியும் இனிப்பு நீரைப் பாகாகக் காய்ச்சக் கற்றுத் தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வந்ததும் அளவு நாடாவை எடுத்து ஒவ்வொரு மரமாகச் சுற்றினார். ஒன்றைத் தொடவே விடவில்லை. குறுக்களவு 25 செ.மீ. வராத மரத்தில் துளை போடக் கூடாதாம். மற்ற நான்கிலும் மரத்துக்கு ஒரே துளை: 8 மி.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம். அடுத்த வருடம் அதிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் போட வேண்டும். பழைய காயத்தைச் சுற்றியுள்ள கட்டை இனி நீர் தராது.

மார்ச்சில் இரவு உறைந்து, பகலில் பூச்சியத்துக்கு மேல் போனால் வாளியில் சொட்டுச் சத்தம் கேட்கும். அந்த நீரில் இனிப்பு 2 சதவீத அளவுதான். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா பனையிலிருந்து இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே நீர் சேரும் முட்டிப் பானையில் சுண்ணாம்பு தடவாவிட்டால் கள்ளாகிவிடும். இங்கே குளிர்தான் சுண்ணாம்பின் வேலையைச் செய்கிறது. அதற்காக நாள்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது, வெயில் ஏறினால் நீர் கலங்கிவிடும்.

அந்த வருடம் 150 லிட்டர் சேர்ந்தது. காற்றில் விழுந்த கிளைகள்தான் விறகு. வீட்டுக்குள் காய்ச்சினால் நீராவியில் சுவரெல்லாம் பிசுபிசுக்கும் என்று அடுப்பை முற்றத்தில் வைத்தோம். பொங்கும்போது ஒரு துளி வெண்ணெய் போட்டால் அப்படியே அடங்குகிறது. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 4 டிகிரி போனதும் இறக்க வேண்டும். அந்தக் கடைசி நேரத்தில் ஒருமுறை நான் கொஞ்சம் நகர்ந்துவிட்டேன். பாத்திரம் கரிந்து, ஒரு முழுச் சனிக்கிழமை விறகும் பாகும் போய்விட்டன. மரம் தந்ததை வீணாக்கிவிட்டேனே என்று அன்றிரவு மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

வெர்மான்ட்

வாளி விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய சாமான் சந்தையில் ஆசைப்பட்டுத் தகர வாளிகள் வாங்கினேன். ஈயப்பற்று வைத்த வாளிகள் என்று பிறகுதான் தெரிந்தது. காய்ச்சும்போது ஆவியாவது நீர் மட்டும்தான், ஈயம் பாகிலேயே தங்கும். இப்போது அவற்றில் பூச்செடி வைத்திருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. மேப்பிளை மட்டும் விட்டுவிட்டு மற்ற மரங்களை வெட்டிவிடுவோர் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இலை தின்னும் புழுக்களைப் பிடிக்கும் பறவைகள் கலப்புக் காட்டைத்தான் விரும்பி வருகின்றன.

மான்ட்ரியாலுக்கு வெளியே

எப்போது நிறுத்துவது என்பதில்தான் நான் தவறினேன். இன்னும் ஒரு வாரம் என்று இழுத்தேன். மொட்டு வீங்கிய பிறகு எடுத்த நீரில் ஒரு கெட்ட வாடை வந்து, காய்ச்சியது முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் குட்டையில் தவளைச் சத்தம் கேட்டதுமே குழாய்களைப் பிடுங்கிவிடுகிறேன். துளையை எதைக் கொண்டும் அடைப்பதில்லை, மரமே மூடிக்கொள்ளும். மூன்று வருடத்துக்கு முந்தைய துளையை இப்போது விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன்.