கேள்வி ஓயாத பிள்ளைகள்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோரின் அனுபவங்கள்

கெடிலக்கரை அம்மா (கடலூர்):

வயதுக்கு மீறிய அறிவுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் "உனக்கென்ன குறை, பிள்ளை தானாப் படிக்குது" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் இருக்கும் பாடு வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். என் மகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே பஸ் போர்டெல்லாம் வாசித்தாள். இரண்டாம் வகுப்பில் எங்களைக் கூப்பிட்டு, "கேள்வி கேட்டே வகுப்பை நடத்த விடமாட்டேங்கிறா" என்றார்கள். அன்று மாலையே ஷூ லேஸ் கட்ட வரவில்லை என்று தரையில் உருண்டு அழுதாள். இரண்டும் ஒரே பிள்ளைதான்.

சொந்தக்காரர்களில் ஒருவர் டபுள் புரமோஷன் வாங்கு என்றார், இன்னொருவர் அபாகஸில் சேர் என்றார். நாங்கள் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அழைத்துப் போனோம். நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100, 130க்கு மேல் வருகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான் என்று விளக்கினார். அந்த எண்ணைவிட அவர் அடுத்துச் சொன்னதுதான் எங்களுக்கு உதவியது. தர்க்க அறிவு வயதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது, கையெழுத்தும் மனசும் வயதுக்கு ஏற்றபடிதான் இருக்கின்றன, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே வேகத்தில் வளராது என்றார். அதற்குப் பிறகு அவள் அழும்போது "இவ்வளவு தெரிந்தவள் இதற்குப் போய் அழலாமா" என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

தேவனாம்பட்டினம் பக்கம் போகும்போதெல்லாம் கெடிலத்தைப் பார்த்து, ஆற்றுத் தண்ணீர் சில நேரம் ஏன் பின்னால் ஓடுகிறது என்று கேட்பாள். கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிறது என்று சொன்னதோடு அவள் விடவில்லை. கிழித்துப் போடும் தினக் காலண்டர் தாள்களை எடுத்துவைத்து, தண்ணீர் ஏறும் நேரத்தை ஒவ்வொன்றின் பின்பக்கமும் எழுத ஆரம்பித்தாள். நாங்கள் போக முடியாத நாட்களில் படகுக்காரத் தாத்தா ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்வாள். தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பியபோது அவளுக்கே பிடிபட்டது: நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூடத் தள்ளிப்போகிறது. தாளைத் திருப்பினால் திதி இருக்கிறதே! அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறுவதையும் அதில் இருந்தே கண்டுபிடித்துவிட்டாள். இதற்கு நாங்கள் ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யவில்லை.

ஆனால் அதைச் சொல்லி மகிழ அவள் வயதில் ஒருவரும் இல்லை. அதனால் அவள் மனசு ஒடுங்கிப்போனது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் மூலம் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு பற்றித் தெரிந்தது. 1993 முதல் நடக்கிறது, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். தங்கள் ஊரின் பிரச்சினை ஒன்றைச் சேர்ந்து ஆராய்ந்து தமிழிலேயே அறிக்கை வைக்கலாம். வயது வந்ததும் சேர்த்தோம். கடலோரத் தெருக்களின் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்தார்கள். பரிசு எதுவும் வரவில்லை. ஆனால் தன்னோடு சரிக்குச் சரி வாதாடும் ஒரு தோழி கிடைத்தாள். என்னைக் கேட்டால், வகுப்பு தாண்டுவதைவிட இந்தத் துணைதான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதல் தேவை.

பண்ருட்டி ஆசிரியர்:

அம்மா, உங்கள் மகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். நான் கிராமத்து அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். முந்திரி உடைக்கப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளிடமும் இதே அறிவு இருக்கிறது. ஆனால் அதைக் கவனித்துச் சொல்ல ஆள் இல்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன், கணக்கில் எப்போதும் தடுமாறுவான். ஊரில் தெருக்கூத்து நடந்த மறுநாள் காலை, துரியோதனன் வேஷக்காரர் பாடியதையும் கட்டியங்காரன் குறுக்கே பேசியதையும் அடி பிசகாமல் மரத்தடியில் நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் எங்கே சிரிப்பு வந்தது, எங்கே தூங்கினார்கள் என்பது வரைக்கும் சொன்னான். இந்த அறிவுக்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. ஆசிரியர் கூட்டத்தில் இவனைப் பற்றிப் பேசினேன். தமிழாசிரியை அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பழைய பாட்டுகளை வாசிக்கப் பழக்கினார். பதினோராம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது, தேர்வானால் மாதம் 1,500 ரூபாய் இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். அவனை இப்போதே அதற்குத் தயார் செய்கிறோம்.

எட்டாம் வகுப்பிலேயே தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வும் உண்டு. அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பல வீடுகளில் பெண்பிள்ளையின் படிப்பு நிற்காமல் இருப்பதற்கு இந்தப் பணம்தான் காரணம் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆசிரியர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ராமானுஜன் கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தோற்றுப்போய், 1910 வாக்கில் குமாஸ்தா வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்கு வந்தார். அன்றைக்குத் திருக்கோவிலூர் நம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது, தலைநகர் கடலூர். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், இந்திய கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர். ராமானுஜனின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு பெரிய அறிவை ரெவின்யூ ஆபீஸில் கடைநிலை வேலையில் போட்டு முடக்கக் கூடாது என்று, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். நோட்டைத் திறந்து பார்க்கும் அந்த ஒரு ஆளாக நாம் இருந்தால் போதும்.

லாஸ்பேட்டை அப்பா (புதுச்சேரி):

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் பக்கத்துத் தகவல் கொஞ்சம். தமிழ்நாட்டில் மத்திய அரசின் நவோதயா பள்ளி கிடையாது, புதுச்சேரியில் காலாப்பட்டில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் தேர்வு எழுத வேண்டும், ஆறில் இருந்து விடுதியோடு படிப்பு. நாலில் மூன்று பங்கு இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. பத்து வயதில் வீட்டை விட்டுப் பிரிவது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது, அதை யோசித்துச் செய்யுங்கள். எங்கள் மூத்தவனுக்கு விருப்பமில்லை, நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை.

அவனுக்குக் கணக்குதான் உயிர். 'ஒலிம்பியாட்' என்ற பேரில் கட்டணம் வாங்கி, எல்லோருக்கும் மெடல் மாட்டிவிடும் தேர்வுகள் பள்ளிக்குப் பள்ளி வருகின்றன. அவற்றில் ஆழம் இல்லை. சர்வதேசப் போட்டி வரைக்கும் போகும் கணித ஒலிம்பியாட் வேறு. அதன் முதல் படி ஐ.ஓ.க்யூ.எம். என்ற தகுதித் தேர்வு, எட்டாம் வகுப்பிலிருந்து எழுதலாம். பிறகு மண்டலத் தேர்வு, அப்புறம் தேசியத் தேர்வு. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் இணையதளத்தில் பழைய கேள்வித்தாள்கள் இலவசம். என் மகன் ஒரே கணக்கை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு இருப்பான். பள்ளியில் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு, முட்டி மோத ஒன்று கிடைத்தது. எல்லாமே சுலபமாக வந்து பழகிய பிள்ளை முதல் தடங்கலிலேயே உடைந்துபோகும், அதனால் இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

நெல்லிக்குப்பம் அம்மா:

அக்கா, என் பையனுக்கு ஆறு வயசுதான். அரசுப் பள்ளி. நாள் பூரா கேள்விதான். பெரிசாச் செலவு பண்ண வழியில்லை. எங்கே ஆரம்பிக்கிறது?

கெடிலக்கரை அம்மா:

தங்கச்சி, முதலில் பக்கத்து நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். பையனையே அலமாரியில் தேட விடுங்கள், வயதுக்கு மேலான புத்தகத்தை எடுத்தாலும் தடுக்க வேண்டாம். ஜூலையில் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது ஒரு நாள் கூட்டிப் போங்கள். 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழ் கிடைத்தால் வாங்குங்கள், இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம், இன்னும் கொஞ்ச நாளில் அவனே படிப்பான். அப்படியே லாஸ்பேட்டை கோளரங்கத்துக்கும் ஒரு முறை. பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியலைப்பா, யாரைக் கேட்கலாம்?" என்று அவனையே கேளுங்கள். மெக்கானிக், டெய்லர், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிரைவர் என்று யாரிடம் வேண்டுமானாலும் கூட்டிப் போய்க் கேட்கவிடுங்கள். பெரும்பாலும் பொறுமையாகச் சொல்வார்கள். நுண்ணறிவுச் சோதனை எல்லாம் இப்போதே வேண்டாம், பள்ளியில் ஏதாவது சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். அவன் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பண்ருட்டி சாரைப் போல ஓர் ஆசிரியர் கிடைக்கும்போது அதைக் காட்டலாம்.