புதுப்பிப்பு: லாட் நம்பர் காலியாகுற பிரச்சனை சரியாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, கிருஷ்ணகிரில ஒரு மாம்பழக் கூழ் கம்பெனிக்கு வேர்ட்பிரஸ் பிளகின் (வெப்சைட்ல கூடுதல் வசதி சேர்க்குற புரோகிராம்) எழுதுறேன், லாட் நம்பர் (எந்தத் தொகுப்புல தயாரான சரக்குன்னு காட்டுற எண்) கஸ்டம் ஃபீல்டை, அதாவது நாமளே சேர்த்த கட்டத்தை, யாரும் மாத்தக்கூடாதுன்னு பூட்டி வெச்சா, ஆபீஸ்ல அக்கா விலையை மட்டும் திருத்தி அப்டேட் குடுத்ததும் லாட் நம்பர் காலியாயிடுதுன்னு. காரணம் புடிச்சிட்டேன்.

அந்தக் கட்டத்துக்கு நான் போட்டிருந்தது டிஸேபிள்டு, அதாவது கட்டத்தையே முடக்கி வைக்கிறது. அப்படிப் போட்ட இன்புட்டை பிரவுசர் ஃபார்மோட அனுப்பவே அனுப்பாது, என் சேவ் ஃபங்ஷன் அது வரலைன்னா காலின்னு எடுத்துக்கிட்டு பழசு மேல எழுதிடுச்சு. பிரவுசர் என்னென்ன அனுப்புதுன்னு காட்டுற நெட்வொர்க் டேப்ல பார்த்தேன், விலை போகுது, டின் எடை போகுது, லாட் நம்பர் வரியே இல்ல. ரீட்ஒன்லின்னு (திருத்த முடியாது, ஆனா ஃபார்மோட போகும்) மாத்தினதும் ஒழுங்கா போச்சு. பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்குற செலக்ட் பாக்ஸுக்கு மட்டும் ரீட்ஒன்லி கிடையாது, அதனால பெங்களூரா, அல்போன்சான்னு வர்ற மாம்பழ ரகத்தை வெறும் எழுத்தா காட்டிட்டேன்.

அதோட விட்டுடாதீங்க. பிரவுசர்ல இன்ஸ்பெக்ட் (பக்கத்தோட கோடைப் பார்த்து மாத்துற வசதி) போட்டு ரீட்ஒன்லிய யாரு வேணா எடுத்துடலாம், அதனால சேவ் பண்ற இடத்துலயே, ஏற்கனவே லாட் நம்பர் இருந்தா புதுசா வர்றதைத் தொடவே கூடாதுன்னு செக் போட்டிருக்கேன், இதுதான் நிஜமான பூட்டு. அழிஞ்சு போன 14 லாட் நம்பரையும் டின் லேபிளைப் பார்த்து அக்கா சொல்லச் சொல்ல திரும்ப ஏத்தியாச்சு. டிஸேபிள்டான்னு முதல்ல பாருன்னு சொன்ன தருமபுரி அண்ணனுக்கு ரொம்ப நன்றிண்ணா.