கேட் (கணினியில் வரையும்) மென்பொருளில், எழுதியிருக்கும் டைமென்ஷன் (அளவு) ஒன்று சொல்ல, வரைந்த மாடல் வேறொன்று சொன்ன அனுபவம் உண்டா?

லேசர்கட்டிங்_கோவை:
ஆட்டோகேடில் வந்த பழைய ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தகடு) டிராயிங். பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், 120 என்று பளிச்சென்று இருந்தது. டிஎக்ஸ்எஃப் ஃபைல் (வெட்டுவதற்கான கோட்டு வரைபடம்) எடுத்து லேசருக்குக் கொடுத்துவிட்டோம். அசெம்பிளியில் முதல் போல்ட் இறங்கிவிட்டது. எதிர்ப்பக்க ஓட்டையில் குனிந்து பார்த்தால், பின்னால் இருக்கும் துளை பிறை அளவுக்கு ஒதுங்கி நிற்கிறது. போல்ட் நுழையவே இல்லை. அந்த டைமென்ஷனைக் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தேன். மெஷர்மென்ட் 116. அதற்குப் பக்கத்திலேயே டெக்ஸ்ட் ஓவர்ரைடில் (அளந்த எண்ணுக்குப் பதிலாகக் காட்ட, கையால் தட்டும் பெட்டி) 120. வட்டத்தை மாற்றாமல் எண்ணை மட்டும் யாரோ தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். லேசர் கோட்டைத்தானே வெட்டும்! இன்னும் ஆறவில்லை எனக்கு.

பிளாஸ்டிக்_மோல்டு:
எனக்கு சாலிட்ஒர்க்ஸ் 3டி மென்பொருளில். கஸ்டமர் கொடுத்த பெட்டி மாடலில் ரிப் (வலுவுக்காக உள்ளே வைக்கும் மெல்லிய சுவர்) தடிமனை மட்டும் 3-லிருந்து 2 ஆக்கச் சொன்னார்கள். மாற்றி ரீபில்டு கொடுத்ததும் வெளிச்சுவரும் கண் முன்னாலேயே மெலிந்தது. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும்படி இரண்டையும் லிங்க் வேல்யூவில் கட்டியிருக்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் சின்னச் சங்கிலிக் குறி இருந்தது, ஆனால் ஃபீச்சர் டைமென்ஷன்களை மறைத்து வைத்த மாடல் என்பதால் டபுள் கிளிக் செய்கிறவரை அது தெரியாது. ஈக்வேஷனால் (சூத்திரத்தால்) கட்டியிருந்தால் சங்கிலிக்குப் பதில் சிக்மா குறி வரும். ரிப்பை அன்லிங்க் செய்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

டிராஃப்டிங்_அண்ணன்:
லேசர் தம்பி, ஓவர்ரைடு போட்டவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வெட்டுக்கு அனுப்புமுன் அளந்து பார்க்க வேண்டாமா? என்னிடம் வந்த ஒரு டிராயிங்கில் பிட்ச் (ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி) 12.46, ஒரே ஒரு தசமம் காட்டும்படி வைத்ததால் 12.5 என்று நின்றது. 8 பிட்ச் சேர்த்தால் 100 வர வேண்டும், மொத்த அளவோ 99.7 என்கிறது. "சார், இதில் எதை நம்பி ஓட்டை போடுவது?" என்று மெஷின்காரர் போன் போட்டார்.

ஆகவே எல்லோரும் கவனியுங்கள். பிரிசிஷனை (எத்தனை தசமம் காட்ட வேண்டும் என்பதை) டைமென்ஷன் ஸ்டைலிலேயே முடிவு செய்யுங்கள். ஆட்டோகேடின் டிம்அசோக் செட்டிங் 2-ல் இருக்கிறதா என்று பாருங்கள், அப்போதுதான் கோட்டை இழுத்தால் அளவும் கூடவே மாறும். எண்ணோடு எழுத்து சேர்க்க வேண்டுமென்றால் ஓவர்ரைடு பெட்டியில் எண்ணைத் தட்டாதீர்கள். "4 ஓட்டை <>" என்று போடுங்கள், அந்த <> இருக்கும் இடத்தில் உண்மையான அளவு தானாக வந்து உட்காரும். ஸ்கேலில் இல்லாத (வரைந்த கோட்டோடு பொருந்தாத) அளவை விட்டே ஆக வேண்டுமென்றால், ஐஎஸ்ஓ முறைப்படி அதன் அடியில் கோடு போடுங்கள். வெட்டுகிறவருக்கு அது போதும். இன்வென்டர் 3டி மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் டைமென்ஷன் டிஸ்பிளேயை எக்ஸ்பிரஷனுக்கு (எண்ணோடு சூத்திரத்தையும் காட்டும் முறைக்கு) மாற்றிப் பாருங்கள், எது எதோடு கட்டியிருக்கிறது என்பது திரையிலேயே தெரிந்துவிடும்.

லேசர்கட்டிங்_கோவை:
அளக்காமல் இல்லை அண்ணா. வெளி விட்டம், உள் விட்டம், தடிமன் எல்லாம் டிராயிங்கோடு சரியாக இருந்தன. ஒரே ஒரு எண்ணில் மட்டும் பொய் சொல்லியிருப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்? நீங்கள் சொன்ன <> விஷயத்தை அந்த டிராயிங் அனுப்பியவருக்கே முதலில் அனுப்புகிறேன்.