பெஞ்ச்மார்க்குக்குத் தமிழ்ல "ஒப்பளவு"ன்னு போடலாமா? (கன்டெய்னர் கையேடு, வட்டு அத்தியாயம்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க,

நம்ம கன்டெய்னர் (ஒரே கணினில மென்பொருள தனித்தனிப் பெட்டி மாதிரி பிரிச்சு ஓட்டற முறை) கையேட்டுல வட்டு (டிஸ்க்) அத்தியாயத்த நேத்து மொத்தமா சேர்த்து படிச்சேன், அதுல பெஞ்ச்மார்க்குக்கு (செயல்திறன அளந்து ஒப்பிட்டுப் பாக்கறது) ஒரு பக்கத்துல "வேகச்சோதனை"ன்னு இருக்கு, அடுத்த பக்கத்துல "தரமதிப்பீடு"ன்னு இருக்கு, கடைசில பெஞ்ச்மார்க்குன்னே கெடக்குது. கிருஷ்ணகிரில பசங்களுக்கு வகுப்பு எடுக்கறதுக்குள்ள ஒன்ன முடிவு பண்ணியே ஆகணும். என் பரிந்துரை "ஒப்பளவு". ஏன்னு நீட்டி முழக்கிதான் சொல்லப்போறேன், பொறுமையா படிங்க.

> அண்ணா, வேகச்சோதனைன்னா யாருக்கும் டக்குனு புரியும், எதுக்கு புதுச்சொல்லு?

புரியும் தம்பி, ஆனா தப்பா புரியும், அதான் எனக்கு கவலை. வேகம்னு சொன்னதும் ஒரே ஒரு நம்பர் இருக்குன்னு மனசுல பதிஞ்சிருது. வட்டுல நாம அளக்கறது செகண்டுக்கு எத்தன எம்பி போகுது, செகண்டுக்கு எத்தன கோரிக்கை முடியுது (அதான் ஐஆப்ஸ்), ஒரு கோரிக்கை எவ்ளோ நேரம் காத்துக் கெடக்குது, இப்படி வேற வேற சங்கதி. ஃபியோல (வட்டுக்கு வேலை கொடுத்து அளக்கற கருவி) ஐஓடெப்த்த (ஒரே நேரத்துல எத்தன கோரிக்கை அனுப்பி வைக்கறோம்ங்கறது) 1லருந்து 32க்கு ஏத்திப் பாரு, ஐஆப்ஸ் ஏறும், கூடவே காத்திருப்பு நேரமும் ஏறும். இப்ப வட்டு வேகமாச்சா மெதுவாச்சா? ரெண்டுமே சொல்லலாம், கேக்கற ஆளுக்கு எது வேணுங்கறதுதான் விஷயம்.

இன்னொன்னு, "சோதனை"ன்னா பாஸ் பெயிலுன்னு ஒரு வாசனை வருது. லேப்ல ஒரு பையன் கன்டெய்னருக்குள்ள போய் டிடி (தரவ நகல் எடுக்கற லினக்ஸ் கமாண்டு) போட்டு 512 எம்பிக்கு ஜீரோ எழுதினான், செகண்டுக்கு 1 ஜிபிக்கு மேல காட்டுச்சு, "சார் சூப்பர் வட்டு"ன்னான். அது சாட்டா கேபிள்ல மாட்டின சுத்தற வட்டு. சாட்டா வழிக்கே உச்சவரம்பு செகண்டுக்கு 6 கிகாபிட், அதாவது கிட்டத்தட்ட 600 எம்பி, அப்ப 1 ஜிபி எந்த வழியா போச்சு? போகவே இல்ல, எல்லாம் ராம்ல பேஜ் கேச்சுல (வட்டுத் தரவ லினக்ஸ் தற்காலிகமா வச்சிருக்கற எடம்) உக்காந்திருந்துச்சு, லினக்ஸ் "எழுதிட்டேன்"னு பதில் மட்டும் சொல்லிருச்சு. அதே கமாண்டுல கடைசில கான்வ்=எஃப்டேட்டாசிங்க் சேர்த்து ஓடவிட்டோம், வட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருந்துச்சு, நம்பர் அடியோட எறங்கிருச்சு. பையன் மொகம் வாடிப்போச்சு. ஆனா வட்டு பெயில் ஆகல, ரெண்டு தடவயும் நாம அளந்தது வேற வேற பொருள, அவ்ளோதான்.

சுத்தற வட்டுக்கு காகிதத்துலயே கணக்கு போட்டுரலாம், இத கையேட்டுலயும் சேர்க்கணும்னு கேட்டுக்கறேன். 7200 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 120 சுத்து, ஒரு சுத்துக்கு 8.33 மில்லிசெகண்டு, சராசரியா பாதிச் சுத்து காத்திருந்தா 4.17, அதுக்கு மேல தலை நகர்ற நேரம் வேற, அப்ப அங்கயும் இங்கயும் சிதறி 4 கேபி 4 கேபியா ஒவ்வொன்னா படிச்சா செகண்டுக்கு எண்பது, நூறுன்னுதான் வரும். ஆயிரக்கணக்குல காட்டுச்சுன்னா வட்டத் தொடவே இல்லன்னு அர்த்தம்.

இப்ப கன்டெய்னருக்கு வாங்க, இங்கதான் "ஒப்பு"ங்கற பாதி எதுக்கு வேணும்னு தெரியும். கன்டெய்னருக்குள்ள ஒரு கோப்பு இருக்குன்னா அது எங்க இருக்கு? ஓவர்லே அடுக்குல (ஒன்னு மேல ஒன்னா அடுக்கி ஒரே கோப்புறை மாதிரி காட்டற அமைப்பு) இருக்கலாம், வால்யூம்ல (அந்த அடுக்குக்கு வெளிய தனியா வைக்கற எடம்) இருக்கலாம், டெம்ப்-எஃப்எஸ்ல இருந்தா அது வட்டே இல்ல, ராம். மூணையும் ஒரே ஃபியோ கட்டளையால அளக்கலாம், மூணுக்கும் மூணு நம்பர் வரும். ஓவர்லேல இன்னொரு விஷயம், இமேஜோட (கன்டெய்னர் கெளம்பற மூலப்பொதி) கீழ் அடுக்குல இருக்கற 1 ஜிபி கோப்புல நாம ஒரே ஒரு எழுத்த மாத்தினாலும் மொத்த கோப்பும் முதல்ல மேல் அடுக்குக்கு நகலாகும், அப்புறம்தான் எழுத்து மாறும். அந்த முதல் தடவ எழுதறதுக்கு ஆகற நேரத்தயும், அடுத்தடுத்து எழுதறதுக்கு ஆகற நேரத்தயும் கலந்து சராசரி எடுத்தா அது ஒண்ணுத்துக்கும் ஒதவாது. மெமரி லிமிட் வேற இருக்கு, கன்டெய்னருக்கு 512 எம்பின்னு வச்சா அதுக்குள்ள ஓடற வேலையோட பேஜ் கேச்சும் அந்தக் கணக்குலதான் விழும், வெளிய ஹோஸ்டுல (கன்டெய்னர் ஓடற கணினில) தாராளமா கேச் கிடைச்ச அதே வேலை உள்ள போனதும் திணறும், வட்டுல ஒரு குறையும் இல்லாமலே.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இத ரொம்ப சுலபமா சொல்லலாம். காவிரில தண்ணி எவ்ளோ வருதுன்னு கேட்டா யாராச்சும் வெறும் நம்பர் சொல்வாங்களா? பிலிகுண்டுலுல இத்தன கன அடி, மேட்டூருக்கு இத்தன கன அடின்னு இடத்தோடதான் சொல்வாங்க. ஆறு ஒன்னுதான், அளந்த இடமும் நேரமும் இல்லாத நம்பர வச்சு ஒருத்தரும் பேசமாட்டாங்க. வட்டுக்கும் அந்த ஒழுக்கம் வரணும், அத சொல்லுலயே வச்சிரணும்ங்கறது என் ஆசை.

இதவிட மோசமா ஒன்னு நடக்குது. ஹோஸ்டுல ஃபியோவ ஐஓ-யூரிங் எஞ்சின்ல (எஞ்சின்னா கோரிக்கைய லினக்ஸ்கிட்ட அனுப்பற வழி) ஓட்டறாங்க, கன்டெய்னருக்குள்ள போனா புது டாக்கர்ல (கன்டெய்னர் ஓட்டற மென்பொருள்) அது இயல்பாவே செக்காம்ப்ல (லினக்ஸோட பாதுகாப்பு வடிகட்டி) தடுத்திருக்கு, ஓடமாட்டேங்குது, சரின்னு உள்ள மட்டும் லிப்-ஏஐஓங்கற வேற எஞ்சினுக்கு மாத்தி ஓட்டிட்டு, "கன்டெய்னரால வட்டு மெதுவாயிருச்சு"ன்னு ரிப்போர்ட் எழுதறாங்க. எஞ்சினே வேற! ரெண்டு பக்கமும் எஞ்சின், பிளாக் அளவு, டெப்த், டைரக்ட்=1 (பேஜ் கேச்ச தாண்டிப் போறது), கோப்போட அளவு எல்லாம் ஒன்னா இருந்தாதான் ஒப்பு. இல்லன்னா வெறும் அளவு. விண்டோஸ் லேப்டாப்ல டாக்கர் டெஸ்க்டாப் போட்டு அளக்கறவங்களுக்கு நடுவுல ஒரு லினக்ஸ் விஎம் (மெய்நிகர் கணினி) வேற ஒக்காந்திருக்கு, அதயும் எழுதியாகணும்.

சொல்லுக்கு வர்றேன். ஒப்பளவுல வினை தானா வருது, "ஒப்பளந்து பாத்தோம்", "ஒப்பளக்கணும்". ஃபியோ மாதிரி கருவிக்கு "ஒப்பளவி". தரமதிப்பீட்டுல இந்த வசதி இல்ல, "தரமதிப்பீடு செய்தல்"னு இழுக்கணும், அதோட அது ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் குழு வந்து பாத்துட்டுப் போறத ஞாபகப்படுத்துது.

> உரைகல்னு வச்சா அழகா இருக்குமே. இல்ல கட்டளைக்கல். ரெண்டும் பழைய சொல்லு.

ரெண்டும் எனக்கும் ரொம்பப் புடிக்கும் ஐயா. ஆனா நம்ம கையேட்டுலயே டெக்ஸ்ட் ஃபைல் "உரைக்கோப்பு", கமாண்டு "கட்டளை". கட்டளைக்கல் கட்டளைன்னு ஒரு வரி எழுதிப் பாருங்க, படிக்கற பையன் தெணறிருவான். மட்டக்குறியும் யோசிச்சேன், நில அளவைல பெஞ்ச்மார்க்னாலே அதான், ஆனா அது நட்டு வச்ச குறி, நாம சொல்ல வர்றது அளக்கற செயல்.

---

வணக்கம் தம்பி. உரைகல்ல விட்டுக்கொடுக்கறேன், நீங்க சொன்ன காரணம் சரிதான். ஒரே சந்தேகம், ஒப்பளவுன்னா கணக்குல வர்ற ரேஷியோ மாதிரி காதுல விழுதே? அப்புறம் அந்த மேல் அடுக்குக்கு நகல் ஆகறதுக்கு ஒரு பேரு வேணாமா, ஒவ்வொரு தடவயும் அத்தன நீளத்துக்கா எழுதறது?

---

ஐயா, ரேஷியோக்கு விகிதம்னு ஸ்கூல் புக்குல நல்லா ஊறிப்போச்சு, பசங்க கொழப்பிக்க மாட்டாங்க. இருந்தாலும் முதல் தடவ வர்ற எடத்துல "வட்டு ஒப்பளவு"ன்னு முழுசா எழுதிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம்.

நகலுக்கு "மேல்நகல்" போதும்னு நெனைக்கிறேன். மேலேற்றம்னு வச்சா பதிவேற்றம் பக்கத்துல போய் நின்னுக்கும். "முதல்முறை எழுதும்போது மேல்நகல் ஆவதால் அந்த நேரத்தை ஒப்பளவில் சேர்க்காதீர்கள், சோதனைக் கோப்பை வால்யூமில் வையுங்கள்", வாக்கியம் தடையில்லாம போகுது பாருங்க.

சொல்தொகுதில போட வரைவு இது: "ஒப்பளவு – ஒரே நிலைமைகளில் இயக்கி, எங்கே எப்படி அளந்தோம் என்பதோடு சேர்த்துப் பதியும் செயல்திறன் அளவீடு. வினை: ஒப்பளத்தல். கருவி: ஒப்பளவி." நிலைமைங்கறதுல என்னென்ன கட்டாயம்னு ஒரு சின்ன அட்டவணை பக்கத்துலயே வரணும், கெர்னல் பதிப்பு, ஸ்டோரேஜ் டிரைவர், மெமரி லிமிட்டு, இதெல்லாம் இல்லாம வர்ற முடிவ கையேட்டுல சேர்க்கவேணாம். கேச்ச காலி பண்ற படி மட்டும் ஹோஸ்டுல செய்யணும்னு தடிச்ச எழுத்துல போடுங்க, கன்டெய்னருக்குள்ள ப்ராக்-சிஸ் (லினக்ஸோட அமைப்புகள மாத்தற எடம்) இயல்பா படிக்க மட்டும்தான், அங்க எழுதப் போய் பிழை வந்து பசங்க முட்டிட்டு நிப்பாங்க.

மறுப்பு இருக்கறவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதிருங்க, திங்கக்கிழமை அத்தியாயம் முழுக்க மாத்தி ஏத்திடறேன்.