காசிமேடு மீன் விலைப் பக்கம்: டேபிளா, கிரிட்டா?

ராயபுரம்_கீபோர்டு

எங்கள் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கிறார். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் எல்லாம் வாடிக்கை உண்டு. விடிகாலையில் அன்றைய விலையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் ஒரே ஒரு பக்கத்தில் அதை ஏற்றி லிங்க்கைக் குரூப்பில் போட்டுவிடுவேன். சைட் அவ்வளவுதான்.

முதலில் சாதாரண எச்டிஎம்எல் டேபிள்தான் வைத்திருந்தேன். படம், மீன் பெயர், கிலோ விலை, வெட்டுக்கூலி, ஆர்டர் பட்டன் என்று ஐந்து காலம் (நெடுவரிசை). லேப்டாப்பில் அம்சமாக இருக்கும், போனில் திறந்தால் பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே போய்விடும். ஆபீஸில் ஒரு சீனியர் பார்த்துவிட்டு "டேபிள் எல்லாம் யாராவது இப்போ போடுவாங்களா, கிரிட்டுக்கு மாத்து" என்றார். சரி என்று ஒவ்வொரு மீனுக்கும் ஒரு டிவ் (வெறும் பெட்டி டேக்), ஒவ்வொரு டிவ்வும் ஒரு கிரிட் (இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்குகிற சிஎஸ்எஸ் வடிவமைப்பு முறை) என்று மாற்றினேன். இப்போது விலை எல்லாம் ஒரே கோட்டில் நிற்கவில்லை. நெத்திலிக்கு எதிரே இருக்கிற விலை ஒரு இடத்தில், கானாங்கெளுத்திக்கு எதிரே இருப்பது வேறு இடத்தில். போனில் வெளியே ஓடுகிற பிரச்சினையும் அப்படியே இருக்கிறது.

இதற்கு எதுதான் சரி? டேபிள் போட்டால் உண்மையிலேயே தப்பா?

மூலக்கொத்தளம்_சிஎஸ்எஸ்

சீனியர் பாதி சரி. டேபிள் பழசு என்று அவர் சொன்னது எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. நான் பார்க்கிற சோதனை ஒன்றுதான்: படிக்கிறவர் கண் மேலிருந்து கீழே ஒரே காலத்தில் இறங்குமா? உங்கள் மாமாவின் வாடிக்கைக்காரர் வஞ்சிரம் என்ன விலை, அது கட்டாது என்றால் சங்கரா என்ன விலை, வவ்வால் என்ன விலை என்று விலைகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இறங்குவார். அப்படி இருந்தால் அது டேபிள், யார் என்ன சொன்னாலும் டேபிள்தான். இன்னொரு பக்கம் மீன் படம், அதன் கீழே இரண்டு வரி, ஒரு பட்டன் என்று இருந்தால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட எதுவும் இல்லை, இடத்தில் அடுக்கி வைப்பதுதான் வேலை, அதற்குத்தான் கிரிட்.

நீங்கள் இரண்டு வேலையையும் ஒரே டேபிளில் திணித்திருக்கிறீர்கள். படத்தையும் பட்டனையும் வெளியே எடுங்கள். மேலே மூன்றே காலத்தில் விலைப்பட்டியல், மீன் பெயரே லிங்க்காக இருக்கட்டும், அதைத் தட்டினால் கீழே கிரிட்டில் இருக்கிற அந்த மீனின் கார்டுக்குப் போகட்டும்.

கோடு கோணலாகப் போன காரணம், ஒவ்வொரு வரியும் தனித் தனி கிரிட் என்பதால் ஒரு வரியின் அகலம் அடுத்த வரிக்குத் தெரியாது. சப்கிரிட் (உள்ளே இருக்கிற கிரிட் வெளி கிரிட்டின் காலங்களையே எடுத்துக்கொள்வது) போட்டால் சரியாகும், குரோம் 117இல் இருந்து, அதாவது 2023 செப்டம்பரில் இருந்து, எல்லா முக்கிய பிரவுசரிலும் இருக்கிறது. ஆனால் டேபிள் சும்மாவே செய்கிற வேலைக்கு இவ்வளவு சுற்றுவழி எதற்கு?

எண்ணூர்_எழுத்துரு

போனில் வெளியே ஓடுவதற்குக் குற்றவாளி டேபிளும் இல்லை, கிரிட்டும் இல்லை, கானாங்கெளுத்திதான். சிரிக்க வேண்டாம். ஒரு காலம் அதில் இருக்கிற உடைக்க முடியாத மிக நீளமான சொல்லுக்குக் கீழே சுருங்காது. கிரிட்டில் 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்று கொடுத்தாலும் அதன் குறைந்தபட்சம் ஆட்டோ, அதாவது உள்ளே இருப்பதன் அளவு, என்றுதான் பிரவுசர் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் மாற்றியும் மாறவில்லை. மின்மேக்ஸ் போட்டு குறைந்தபட்சத்தைப் பூஜ்யம் ஆக்கினால் காலம் சுருங்கிவிடும், ஆனால் அப்போது சொல் பக்கத்துக் காலத்தின் மேல் ஏறும்.

அடுத்து எல்லோரும் ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் போடச் சொல்வார்கள். அது சொல்லை உடைக்கும், எங்கே உடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. உயிர்மெய்யைப் பிளக்காது, கொம்பு தனியே தொங்காது, அது வரைக்கும் நல்லது. ஆனால் "கானா" ஒரு வரியிலும் "ங்கெளுத்தி" அடுத்த வரியிலும் வந்து நிற்க வாய்ப்பு உண்டு. புள்ளி எழுத்தில் ஆரம்பிக்கிற வரி பார்க்கவே சகிக்காது. அதனால் நீளமான நாலைந்து பெயரில் மட்டும் கையாலேயே டபிள்யூபிஆர் டேக் வையுங்கள், கானாங் / கெளுத்தி என்று. இடம் இருந்தால் ஒரே சொல்லாக நிற்கும், இல்லாவிட்டால் அங்கே மட்டும் உடையும். ஷை என்கிற மென் இணைப்புக்குறியும் இருக்கிறது, ஆனால் அது எழுத்தோடு எழுத்தாகக் காப்பி ஆகும், யாராவது பெயரை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். டேகில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, விலையை வலப்பக்கம் ஒட்ட வையுங்கள். 90க்கும் 900க்கும் உள்ள வித்தியாசம் படிக்காமலேயே தெரிய வேண்டும்.

கத்திவாக்கம்_கில்லி

இவ்வளவு பேச்சு எதற்கு. விலையை ஒரு படமாக டிசைன் பண்ணி குரூப்பில் தட்டிவிட்டால் முடிந்தது. எந்தப் போனிலும் கோடு கோணாது.

செவியால்_படிப்பவன்

கில்லி, கோடு கோணாது, எனக்கு ஒன்றும் கேட்கவும் கேட்காது. எனக்குப் பார்வை இல்லை, போனில் டாக்பேக், கம்ப்யூட்டரில் என்விடிஏ, இரண்டும் திரையை வாசித்துச் சொல்கிற மென்பொருள். விலையைப் படமாகப் போட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் வாங்குவது பக்கத்து வீட்டுக்காரர் தயவில்தான்.

டேபிளாக இருந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என்விடிஏவில் கண்ட்ரோலும் ஆல்ட்டும் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டினால் அதே காலத்தில் அடுத்த மீனின் விலைக்குப் போகலாம், பக்க அம்புக்குறியில் போனால் "வெட்டுக்கூலி" என்று தலைப்பைச் சொல்லிவிட்டுத் தொகையைச் சொல்லும். இதே டிவ்களாக இருந்தால் "வஞ்சிரம் தொள்ளாயிரம் ஐம்பது சங்கரா நானூறு நாற்பது" என்று மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே போகும், அந்த ஐம்பது கூலியா, விலையோடு சேர்ந்து தொள்ளாயிரத்து ஐம்பதா என்று நான்தான் ஊகிக்க வேண்டும். (விலை உதாரணத்துக்குத்தான், சண்டைக்கு வராதீர்கள்.)

அதனால் தலைப்பு செல்களை டிஎச் டேகில் போடுங்கள், ஸ்கோப் (அந்தத் தலைப்பு வரிக்கா, காலத்துக்கா என்று சொல்வது) கொடுங்கள், மேலே கேப்ஷனில் இன்றைய தேதி இருக்கட்டும். போனுக்காக டேபிளின் டிஸ்ப்ளேயை பிளாக் என்று மாற்றி வரிகளைக் கார்டாக ஆக்குகிற வித்தை ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறது, அதைச் செய்தால் சில பிரவுசரில் அது டேபிள் என்கிற விவரமே என்னிடம் வந்து சேராது. கிரிட்டில் ஆர்டர் என்கிற சிஎஸ்எஸ் அமைப்பைப் போட்டு இடம் மாற்றுவதும் அப்படித்தான், உங்கள் கண்ணுக்கு முதலில் இருப்பது எனக்குக் கடைசியில் வரும்.

மண்ணடி_பழசு

டேபிளுக்கு இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது என்று தம்பிக்குத் தெரிந்திருக்காது. 2000 வாக்கில் நாங்கள் முழுப் பக்கத்தையுமே டேபிளில்தான் கட்டுவோம். டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள், இடைவெளி வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் கிஃப் படத்தை இழுத்து நீட்டி வைப்போம். மெனுவில் ஒன்று கூட்டினால் அடிக்குறிப்பு எங்கோ போய்விடும். அதைத்தான் விடச் சொன்னார்கள், நியாயம்தான். கேட்டவர்கள் டேபிளையே தீண்டக் கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். கிரிட் ஒழுங்காக பிரவுசர்களில் வந்ததே 2017 மார்ச்சில்தான், குரோம் 57, ஃபயர்ஃபாக்ஸ் 52, சஃபாரி 10.1 மூன்றும் அந்த மாதமே வந்தன. இன்றைக்கும் மெயில் டிசைன் பண்ணுகிறவனைக் கேளுங்கள், டேபிள் இல்லாமல் அவன் பிழைப்பு ஓடாது, விண்டோஸில் பழைய (கிளாசிக்) அவுட்லுக் 2007இல் இருந்து மெயிலைக் காட்ட வேர்டின் இன்ஜினைத்தானே பிடித்துக்கொண்டது.

ராயபுரம்_கீபோர்டு

எல்லோருக்கும் நன்றி. பிரித்துவிட்டேன், மேலே மூன்று காலம் டேபிள், கீழே கார்டு கிரிட். கானாங்கெளுத்தி அடங்கிவிட்டது. மாமாவுக்கு இதைவிடக் குஷி, பெயரைத் தட்டினால் படத்துக்குப் போகிறதே என்று.

ஒரு சந்தேகம் மட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் படகில் வருகிற மீன்தான். சில நாள் பட்டியலில் இரண்டே மீன் இருக்கும். அதே மாதிரி சோதித்துப் பார்த்தேன், லேப்டாப்பில் நெத்திலி படம் பாதி ஸ்கிரீனுக்கு ஊதிப்போய் நிற்கிறது.

மூலக்கொத்தளம்_சிஎஸ்எஸ்

கிரிட்டின் காலங்களுக்கு ரிப்பீட்டில் ஆட்டோ-ஃபிட் போட்டிருப்பீர்கள். அது காலியாக இருக்கிற காலங்களைச் சுருட்டிவிட்டு இருக்கிற கார்டுகளை இழுத்துவிடும். ஆட்டோ-ஃபில் என்று மாற்றுங்கள், காலி இடம் காலியாகவே நிற்கும், நெத்திலி நெத்திலி அளவிலேயே இருக்கும். குறைந்தபட்ச அகலம் 9ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் போல் ஒன்பது மடங்கு) வையுங்கள், 360 பிக்சல் போனில் இரண்டு கார்டு பக்கத்தில் பக்கத்தில் வரும்.

செவியால்_படிப்பவன்

அந்த நாட்களில் வராத மீனை டேபிளில் இருந்து எடுத்துவிடுங்கள், விலை செல்லைக் காலியாக விடாதீர்கள். எடுக்க மனசில்லை என்றால் "இன்று இல்லை" என்று எழுதுங்கள். வெறும் கோடு போட்டால் எனக்கு ஒன்று சொல்லாமல் தாண்டும், இல்லை "டேஷ்" என்று சொல்லும். அப்புறம் லிங்க்கை இங்கேயும் போடுங்கள், நான் கொருக்குப்பேட்டைதான், மாமா இந்தப் பக்கம் வருவாரா?