ஐபிஎஸ் (IBS) எனும் குடல் எரிச்சல் தொல்லைக்கு புரோபயாடிக் உதவுமா?

ஈசூன்வாசி:
ஆறு மாதமாக வயிறு உப்புசம். எம்ஆர்டி ரயிலில் ஏறினாலே கழிவறை அவசரம். பாலிகிளினிக்கில் ஐபிஎஸ் என்றார்கள். நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் வாங்கலாமா, வீட்டுத் தயிர் போதுமா?

தேக்கா அக்கா:
தம்பி, எனக்கும் இதே பாடுதான். டப்பாவில் எந்த வகை பாக்டீரியா என்று பார்த்து வாங்குங்கள். பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபேன்டிஸ் 35624 வகையை 362 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வந்தது; மூன்று அளவுகளில் ஒன்றுதான் பலன் தந்தது. எனக்கு ஆறாவது வாரம்தான் உப்புசம் இறங்கியது. அன்று சாயங்காலம்வரை பாவாடை நாடாவைத் தளர்த்தவே இல்லை! தயிர் நல்லதுதான், ஆனால் அதில் எந்த வகை, எவ்வளவு என்று தெரியாதே.

உட்லண்ட்ஸ் அண்ணன்:
பிரிட்டன் குடல்நோய் மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதல்படி 12 வாரம்வரை பாருங்கள், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ எடை குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஈசூன்வாசி:
சரி அக்கா. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?