மில் கணக்கு வேலையை விட்டு ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்குப் போகலாமா?

புதுவயல்காரி:
வயது 27, பி.காம். புதுவயலில் ஒரு அரிசி மில்லில் கணக்கு பார்க்கிறேன், கையில் 21,000 வருகிறது. சென்னையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டேட்டா வேலைக்கு ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, மாதம் 15,000. அடுத்த மாதமே சேரச் சொல்கிறார்கள்.

இந்த ஆசை எப்படி வந்தது என்றால், எடைமேடைச் சீட்டுகளை லாரி லாரியாக டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றி, மூட்டைக் கணக்கோடு ஒத்துப் பார்க்க தினமும் இரண்டு மணி நேரம் ஆகும், தவிட்டுத் தூசி கீபோர்டு இடுக்கெல்லாம் அப்பியிருக்கும், ஒரு எண் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. ராத்திரி உட்கார்ந்து பைத்தான் என்ற புரோகிராம் மொழியைக் கற்றுக்கொண்டு அதற்கு ஒரு புரோகிராம் எழுதினேன். இப்போது பத்து நிமிஷம். அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறினேன்.

அம்மாவும் காலேஜ் படிக்கும் தம்பியும் என்னை நம்பி இருக்கிறார்கள். நகைக்கடன் வட்டி மாதம் 3,000. சேமிப்பு 70,000. "நிரந்தர வேலையை விட்டுட்டு யாராச்சும் பயிற்சிக்குப் போவாங்களா?" என்கிறார் அம்மா. எனக்குத் தூக்கமே இல்லை.

தேவகோட்டையான்:
தங்கச்சி, அந்த எடைமேடை புரோகிராமை பத்திரமாக வைத்துக்கொள், மில் விவரங்களை எடுத்துவிட்டு, புரோகிராம்களை எல்லாரும் பார்க்கப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடு. எந்த சர்ட்டிபிகேட்டையும்விட அதுதான் பேசும். ஆனால் போவதற்கு முன் மூன்று விஷயத்தை மெயிலில் கேள்: ஆறு மாதம் கழித்து வேலை உண்டா, உண்டென்றால் சம்பளம் எவ்வளவு, யாரிடம் வேலை கற்பாய். நான் இதைக் கேட்காமல் ஒரு இடத்தில் சேர்ந்து நாலு மாதம் எக்செல்லில் காப்பி பேஸ்ட் மட்டும் செய்தேன், கடைசியில் "ஆள் தேவையில்லை" என்றார்கள். பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் போகாதே.

பள்ளத்தூர் ஆச்சி:
மில்லில் சேர்ந்து எத்தனை வருஷம் ஆச்சு? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?

புதுவயல்காரி:
அக்டோபர் 9 வந்தால் 5 வருஷம், ஆச்சி. இன்னும் மூன்று மாதம். அடிப்படை 15,600. முப்பது பேர் வேலை பார்க்கிறோம்.

பள்ளத்தூர் ஆச்சி:
அப்படியென்றால் பொறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் 5 வருஷம் முடித்தால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடை, உண்டு. 15,600ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கு, 9,000. ஐந்து வருஷத்துக்கு 45,000. உன் இன்டர்ன்ஷிப்பில் மூன்று மாதச் சம்பளம் அது! 4 வருஷம் 240 நாள் ஆனாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி முதலாளியோடு மல்லுக்கட்டுவதைவிட முழுசாக முடிப்பது நல்லது. பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதே, அடுத்த வேலையில் உன் பிஎஃப் கணக்குக்கான அதே யுஏஎன் எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

காரைக்குடி பெரியவர்:
அம்மாவிடம் இதைச் சொல்லம்மா. எங்கள் ஐயா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். கடைப் பணப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி செய்து, பேரேடு எழுதிப் பழகி, அடுத்தாள் என்கிற உதவியாளாகி, அப்புறம் கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாள். நம் பக்கத்தில் பயிற்சிக்குப் போவது ஒன்றும் குறைவில்லை. ஆனால் எத்தனை வருஷம், சம்பளம் என்ன என்று சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். தேவகோட்டைத் தம்பி சொல்வது அதைத்தான்.

புதுவயல்காரி:
எல்லாருக்கும் நன்றி. காரைக்குடி ஐயா சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "சீட்டு வாங்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அக்டோபர் 12ஆம் தேதி சேரலாமா என்று கேட்டு, அண்ணன் சொன்ன மூன்று கேள்வியையும் சேர்த்து இப்போதுதான் மெயில் அனுப்பினேன். மூன்று மாதம் காத்திருக்க மாட்டோம் என்றால் இந்த இடத்தை விட்டுவிட்டு அக்டோபருக்குப் பிறகு வேறு தேடுவேன்.